முக்கோணவியலைத் தொடங்குபவர்களுக்கு: பாகைமானி முதல் ரேடியன் வரை ஒரு வழிகாட்டி

முக்கோணவியல் எனக்கு ஓர் அட்டவணையில்தான் தொடங்கியது. மேல்வரிசையில் 0°, 30°, 45°, 60°, 90° என ஐந்து கோணங்கள், இடப்பக்கத்தில் சைன், காஸ், டேன் என்னும் பெயர்கள், கட்டங்களுக்குள் வர்க்கமூலங்கள். இதை மனப்பாடம் செய்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது என்று வகுப்பில் சொன்னார்கள். மனப்பாடம் ஆனது, பாடம் பிடிபடவில்லை. முக்கோணம் சற்றுத் திருப்பி வரையப்பட்டிருந்தாலோ, அட்டவணையில் இல்லாத 37° போன்ற ஒரு கோணம் கேள்வியில் வந்தாலோ, எங்கே தொடங்குவதென்றே தெரியாது. பின்னர் பாகைமானியையும் அளவுகோலையும் எடுத்து வரைந்து, அளந்து, வகுத்துப் பார்த்த பிறகே சைன் என்பது வெறும் குறியீடு அல்ல, கையால் அளந்து பெறக்கூடிய ஓர் எண் என்பது விளங்கியது. அந்தச் சிரமம் மற்றவர்களுக்கு வேண்டாம் என்பதற்காக, எந்த வரிசையில் கற்றால் பாடம் இலகுவாக நிற்குமோ அந்த வரிசையில் இதை எழுதுகிறேன். பள்ளி மாணவர்களுக்கு மட்டுமன்றி, பல ஆண்டுகள் கழித்து மீண்டும் கணிதத்துக்குத் திரும்புகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

நிறம் கலக்காத, ஒளி ஊடுருவும் அரைவட்டப் பாகைமானி ஒன்று, மில்லிமீட்டர் கோடுகள் தெளிவாக உள்ள 30 செ.மீ. அளவுகோல் ஒன்று, ஒரு மூலைமட்டம், கூராகச் சீவிய பென்சில், கோடு போடாத தாள்கள். அவ்வளவே போதும். பாகைமானி வாங்கும்போது விலையைவிட மையக்குறியைப் பாருங்கள். மையத்தில் குறுக்குக்கோடு மெல்லியதாகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும்; தடித்த புள்ளியோ பெரிய துளையோ இருந்தால் ஒவ்வோர் அளவிலும் பிழை வரும். சிறிய பாகைமானியைவிடப் பெரியது நல்லது, ஏனெனில் பாகைக் கோடுகளுக்கு இடையிலான இடைவெளி அதில் கூடுதலாக இருக்கும்.

அறிவியல் கால்குலேட்டர் நான்காம் படிவரை தேவையே இல்லை. அதன் பிறகும் உடனே செலவு செய்ய வேண்டியதில்லை; பெரும்பாலான கைபேசிகளின் கால்குலேட்டரில் சைன், காஸ், டேன் பொத்தான்கள் உள்ளன, சிலவற்றில் கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் அவை தோன்றும். தேர்வுக்காகத் தனியாக வாங்குவதாக இருந்தால், உங்கள் தேர்வில் எந்த வகைக் கால்குலேட்டர் அனுமதிக்கப்படுகிறது என்பதை விதிமுறைகளில் படித்துவிட்டு வாங்குங்கள். வரைபடம் வரையும் வகையையும் நிரல் எழுதும் வகையையும் பல தேர்வுகள் அனுமதிப்பதில்லை. கால்குலேட்டரையே அனுமதிக்காத தேர்வுகளும் உண்டு.

நேரத்தைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஒதுக்கினால் இங்குள்ள அனைத்தையும் ஐந்தாறு வாரங்களில் நிதானமாக முடிக்கலாம். ஒரே வார இறுதியில் முடித்துவிட முயலாதீர்கள். வரைந்து அளக்கும் படிகளை அவசரமாகச் செய்தால் அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

முன்னறிவாக மூன்று வேண்டும்: தசம எண்களை வகுக்கத் தெரிதல், விகிதம் என்றால் என்ன என்னும் தெளிவு, பிதாகரஸ் தேற்றம். இவற்றில் எது தடுமாறினாலும் முதலில் அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.

2. கோணத்தைப் பிழையின்றி அளத்தல்

பலரும் தாண்டிச் செல்லும் படி இது. நான் அதிகம் வலியுறுத்தும் படியும் இதுவே. கோணம் என்பது ஒரு கதிரிலிருந்து மற்றொரு கதிருக்கு எவ்வளவு திரும்புகிறோம் என்பதன் அளவு. கதிர்களின் நீளத்துக்கும் கோணத்துக்கும் தொடர்பில்லை. கதிர்களை நீட்டினாலும் குறைத்தாலும் கோணம் மாறாது.

அளக்கும் முறை வருமாறு. பாகைமானியின் மையக்குறியைக் கோணத்தின் உச்சியில் வையுங்கள். அதன் 0° கோட்டை ஒரு கதிரின்மேல் பொருத்துங்கள். அந்தக் கதிரின் பக்கத்தில் 0 என்று தொடங்குகிற எண்வரிசையையே மற்றக் கதிர்வரை பின்தொடருங்கள். நேர் மேலிருந்து பார்த்து அளவை வாசியுங்கள். சாய்வாகப் பார்த்தால் ஒரு பாகை வரை மாறிவிடும்.

இதில் மூன்று பொறிகள் உள்ளன. முதலாவது, பாகைமானியில் உள்ள இரண்டு எண்வரிசைகள். ஒரே கோட்டில் வெளிவரிசை 50 என்றும் உள்வரிசை 130 என்றும் காட்டும். அளப்பதற்கு முன்பே கோணம் குறுங்கோணமா, விரிகோணமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்துகொண்டால் தவறான வரிசையை எடுக்க வாய்ப்பே இல்லை. இரண்டாவது, பாகைமானியின் அடி விளிம்பு. பல பாகைமானிகளில் 0° கோடு விளிம்புக்குச் சில மில்லிமீட்டர் மேலே இருக்கும். விளிம்பைக் கதிரோடு பொருத்தினால் அளவு முழுவதும் தவறாகும். அளவுகோலிலும் இதே கவனம் வேண்டும். 0 குறி விளிம்பில் இல்லாமல் சற்று உள்ளே தொடங்கும் அளவுகோல்கள் உண்டு.

மூன்றாவது பொறி, குறுகிய கதிர்கள். 10 செ.மீ. நீளக் கதிரின் முனையில் 1° என்பது ஏறத்தாழ 1.7 மி.மீ. இடைவெளி. அதே 1°, 3 செ.மீ. கதிரின் முனையில் அரை மில்லிமீட்டர்தான். மொண்ணையான பென்சில் கோட்டின் தடிமனே அவ்வளவு வந்துவிடும். ஆகவே கதிர்கள் குட்டையாக இருந்தால் முதலில் அளவுகோல் வைத்து நீட்டிவிட்டுப் பிறகு அளவுங்கள்.

கை பழகிவிட்டதா என்று அறிய ஒரு சோதனை. தாளில் ஏதேனும் ஒரு பெரிய முக்கோணம் வரைந்து மூன்று கோணங்களையும் தனித்தனியாக அளந்து கூட்டுங்கள். 180° வர வேண்டும். ஒரு பாகை முன்பின் இருந்தால் கவலை வேண்டாம். மூன்று பாகைக்கு மேல் வேறுபட்டால் எங்கோ பொருத்தம் தவறியிருக்கிறது என்று பொருள். அதே முக்கோணத்தை மறுபடியும் அளவுங்கள். தொடர்ந்து வரையும் முக்கோணங்களில் கூட்டுத்தொகை 179°க்கும் 181°க்கும் இடையில் நின்றால் அடுத்த படிக்குச் செல்லலாம்.

3. பாகையின் உட்பிரிவுகள்

ஒரு முழுச் சுற்று 360°. ஒரு பாகை 60 நிமிடங்கள், ஒரு நிமிடம் 60 விநாடிகள். கடிகாரத்தில் உள்ள அதே அறுபதின் கணக்கு என்பதால் இது எளிதாகத் தோன்றும். ஆனால் தசமத்தில் எழுதிய பாகையை நிமிடமாக மாற்றும் இடத்தில் மதிப்பெண்கள் நிறையப் போகின்றன. 36.5° என்பது 36° 30′. அதை 36° 50′ என்று எழுதுவது மிகப் பரவலான பிழை. தசமப் பகுதியை 60ஆல் பெருக்கினால் நிமிடம் கிடைக்கும். மறுதிசையில், நிமிடத்தை 60ஆல் வகுத்தால் தசமம் கிடைக்கும். 36.87° என்பதில் 0.87 × 60 = 52.2 என்பதால் அது ஏறத்தாழ 36° 52′. பத்துக் கணக்குகள் போட்டுப் பார்த்தால் இந்தப் படி ஒரே அமர்வில் முடிந்துவிடும்.

4. பக்கங்களுக்குப் பெயரிடுதல்

செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே உள்ள பக்கம் கர்ணம். அதுவே மூன்றில் நீளமானது; எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் அது மாறாது. மற்ற இரண்டு பக்கங்களுக்கும் நிலையான பெயர் கிடையாது. நாம் எந்தக் கோணத்தை எடுத்துப் பேசுகிறோமோ அதற்கு எதிரே இருப்பது எதிர்ப்பக்கம், அதைத் தொட்டுக்கொண்டு கர்ணமல்லாமல் இருப்பது அடுத்துள்ள பக்கம். கோணத்தை மாற்றினால் இவ்விரு பெயர்களும் இடம் மாறிக்கொள்ளும்.

பாடப்புத்தகப் படங்களில் செங்கோணம் பெரும்பாலும் கீழே ஒரு மூலையில் இருப்பதால், நிற்கும் பக்கம் எதிர்ப்பக்கம், படுத்திருக்கும் பக்கம் அடுத்துள்ள பக்கம் என்று கண் பழகிவிடுகிறது. இந்தப் பழக்கத்தை இப்போதே உடைக்க வேண்டும். ஒரு முக்கோணத்தை வரைந்து, தாளை நான்கு திசைகளிலும் திருப்பித் திருப்பி வைத்து, ஒவ்வொரு முறையும் மூன்று பக்கங்களின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். பின்னர் மற்றக் குறுங்கோணத்தை எடுத்துக்கொண்டு மீண்டும் சொல்லுங்கள். சிறுபிள்ளைப் பயிற்சி போலத் தோன்றினாலும், பிற்காலத்தில் சைனையும் காஸையும் மாற்றிப் போடும் பிழை இதனால் பெரும்பாலும் நின்றுவிடும்.

5. விகிதத்தைக் கையால் அளந்து பார்த்தல்

முழுப் பாடத்தின் உயிரும் இந்தப் படியில் இருக்கிறது. ஒரு முழு மாலைப்பொழுதை இதற்காக ஒதுக்குங்கள்.

தாளின் அடியில் நீண்ட கிடைக்கோடு ஒன்று வரைந்து, அதன் இடது முனையில் 35° கோணத்தில் மற்றொரு நீண்ட கோடு வரையுங்கள். இடது முனையிலிருந்து கிடைக்கோட்டில் 5 செ.மீ., 8 செ.மீ., 10 செ.மீ. தொலைவுகளில் புள்ளிகள் குறித்து, மூலைமட்டத்தால் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் செங்குத்துக்கோடு எழுப்புங்கள். இப்போது ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று செங்கோண முக்கோணங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் எதிர்ப்பக்கத்தையும் கர்ணத்தையும் அளந்து எழுதுங்கள்.

கவனமாக வரைந்திருந்தால் எதிர்ப்பக்கங்கள் 3.5, 5.6, 7.0 செ.மீ. என்றும், கர்ணங்கள் 6.1, 9.8, 12.2 செ.மீ. என்றும் வரும். இனி வகுத்துப் பாருங்கள். எதிர்ப்பக்கத்தை அடுத்துள்ள பக்கத்தால் வகுத்தால் 3.5/5, 5.6/8, 7.0/10; மூன்றும் 0.70. எதிர்ப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் 3.5/6.1, 5.6/9.8, 7.0/12.2, மூன்றும் 0.57ஐ ஒட்டியே நிற்கும். அடுத்துள்ள பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் மூன்றும் 0.82.

முக்கோணம் சிறிதானாலும் பெரிதானாலும் கோணம் 35° ஆக இருக்கும்வரை இந்த மூன்று எண்களும் அசைவதில்லை. அவை வடிவொத்த முக்கோணங்கள் என்பதே காரணம். இந்த மூன்று எண்களுக்கும் சூட்டிய பெயர்கள்தாம் டேன் 35°, சைன் 35°, காஸ் 35°. கால்குலேட்டர் தரும் மதிப்புகள் முறையே 0.7002, 0.5736, 0.8192. நீங்கள் பென்சிலால் பெற்ற எண்கள் இரண்டு தசம இடம்வரை இவற்றோடு ஒத்துப்போவதைப் பார்க்கும் மகிழ்ச்சியைத் தவறவிடாதீர்கள்.

ஆகவே வரையறைகள் மூன்று: சைன் என்பது எதிர்ப்பக்கம் வகுத்தல் கர்ணம், காஸ் என்பது அடுத்துள்ள பக்கம் வகுத்தல் கர்ணம், டேன் என்பது எதிர்ப்பக்கம் வகுத்தல் அடுத்துள்ள பக்கம். இவற்றிலிருந்து உடனே சில முடிவுகள் கிடைக்கின்றன. கர்ணமே நீளமான பக்கம் என்பதால் குறுங்கோணத்தின் சைனும் காஸும் 1ஐத் தாண்டாது. கணக்கின் முடிவில் சைன் 1.3 என்று வந்தால் எங்கோ பக்கங்களை மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். டேனுக்கு அப்படி வரம்பு இல்லை. டேன் 45° என்பது 1, டேன் 89° என்பது 57.29, டேன் 89.9° ஏறத்தாழ 573. 90° ஆகும்போது அடுத்துள்ள பக்கம் பூச்சியமாகி, வகுக்க இயலாததால் டேனுக்கு மதிப்பே இல்லை.

அடுத்த நாள் 20°, 50°, 65° ஆகிய கோணங்களுக்கும் இதைச் செய்து, உங்கள் கையெழுத்திலேயே ஒரு சிறு அட்டவணை தயாரித்துக்கொள்ளுங்கள். கோணம் கூடும்போது சைன் கூடுவதும் காஸ் குறைவதும் அதில் தெரியும். சைன் 20°யும் காஸ் 70°யும் ஏன் சமமாகின்றன என்பதும், ஒரே முக்கோணத்தை இரு முனைகளிலிருந்தும் பார்த்தால் விளங்கிவிடும். சைனின் வர்க்கத்தையும் காஸின் வர்க்கத்தையும் கூட்டிப் பாருங்கள். எல்லா வரிகளிலும் 1ஐ ஒட்டியே வரும். அது பிதாகரஸ் தேற்றத்தைக் கர்ணத்தின் வர்க்கத்தால் வகுத்ததன் விளைவு. முற்றொருமைகள், அதாவது கோணம் எதுவானாலும் பொருந்தும் சமன்பாடுகள், என்று பின்னால் வரும் நீண்ட பட்டியலுக்கு இதுதான் வேர்.

6. சிறப்புக் கோணங்களின் அட்டவணை

இப்போதுதான் அட்டவணைக்கு வர வேண்டும். அதையும் மனப்பாடம் செய்வதற்கு முன் இரண்டு படங்களிலிருந்து வருவியுங்கள். பக்கம் 1 உள்ள சதுரத்தை மூலைவிட்டத்தால் பிரித்தால் பக்கங்கள் 1, 1, √2 கொண்ட முக்கோணம் கிடைக்கும். 45°க்கு உரிய எல்லா மதிப்புகளும் அதில் உள்ளன. பக்கம் 2 உள்ள சமபக்க முக்கோணத்தை நடுவில் செங்குத்தாகப் பிரித்தால் பக்கங்கள் 1, √3, 2 கொண்ட முக்கோணம் கிடைக்கும். அதில் 30°யும் 60°யும் இருக்கின்றன. இவ்விரு படங்களையும் வரையத் தெரிந்தவர் தேர்வறையில் அட்டவணையை மறந்தாலும் ஒரு நிமிடத்தில் மீட்டெடுத்துவிடுவார்.

நினைவில் நிறுத்த ஓர் ஒழுங்கும் உண்டு. 0°, 30°, 45°, 60°, 90° என்னும் வரிசையில் சைன் மதிப்புகள் √0/2, √1/2, √2/2, √3/2, √4/2. காஸ் மதிப்புகள் இதே வரிசை, பின்னிருந்து முன். டேனுக்குச் சைனைக் காஸால் வகுத்தால் போதும்.

7. கால்குலேட்டரை முதலில் சோதித்தல்

கால்குலேட்டரைக் கையில் எடுத்தவுடன் சைன் 30 என்று அழுத்திப் பாருங்கள். 0.5 வந்தால் அது பாகை முறையில் இருக்கிறது. −0.988 வந்தால் ரேடியன் முறையிலும், 0.454 வந்தால் கிரேடியன் முறையிலும் இருக்கிறது. ரேடியன் என்பது கோணத்தை அளக்கும் மற்றோர் அலகு; பத்தாம் படியில் அதைப் பார்ப்போம். கிரேடியன் என்பது செங்கோணத்தை 100 பகுதிகளாகப் பிரிக்கும் வேறோர் அலகு. ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும், பிறருடைய கருவியை வாங்கிப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். முறை மாறியிருந்தால் வழிமுறை முழுவதும் சரியாக இருந்தும் எல்லா விடைகளும் தவறாகிவிடும். வேதனையான இந்த இழப்பைத் தடுக்கச் சில விநாடிகள் போதும்.

எழுதும் முறையிலும் சில பொறிகள் உள்ளன. சைன்² 30° என்றால் சைன் 30°யின் வர்க்கம், அதாவது 0.25, 30ஐ வர்க்கமாக்கிப் பிறகு சைன் எடுத்தால் 900°க்குரிய சைன், அதாவது பூச்சியம் வந்துவிடும். சைனைக் கூட்டல் குறிக்குள் பிரித்தெழுதவும் முடியாது: சைன் 30°யையும் சைன் 30°யையும் கூட்டினால் 1, சைன் 60° என்பதோ 0.866. சைன் என்பது எதையோ பெருக்கும் எண் அல்ல, ஒரு கோணத்தை வாங்கிக்கொண்டு ஒரு விகிதத்தைத் திருப்பித் தரும் செயல் என்பதை மறவாதீர்கள்.

இடையில் தோராயமாக்க வேண்டாம். டேன் 38°யை 0.8 என்று சுருக்கிவிட்டு 200ஆல் பெருக்கினால் 160; முழு மதிப்போடு பெருக்கினால் 156.3. தோராயமாக்குவதைக் கடைசி வரியில் மட்டும் செய்யுங்கள்.

8. பக்கத்தையும் கோணத்தையும் கண்டறிதல்

எந்தக் கணக்காக இருந்தாலும் முதலில் படம் வரையுங்கள். தெரிந்த அளவுகளைப் படத்திலேயே எழுதி, பக்கங்களுக்குப் பெயரிட்டு, எந்த இரண்டு பக்கங்கள் கணக்கில் உள்ளன என்று பாருங்கள். எதிர்ப்பக்கமும் கர்ணமும் என்றால் சைன், அடுத்துள்ள பக்கமும் கர்ணமும் என்றால் காஸ், கர்ணமே வரவில்லை என்றால் டேன்.

5 மீட்டர் நீளமுள்ள ஏணி ஒன்று தரையோடு 65° கோணத்தில் சுவரில் சாய்ந்திருக்கிறது என்று கொள்வோம். ஏணிதான் கர்ணம். சுவரில் அது தொடும் உயரம் 5 × சைன் 65° = 4.53 மீட்டர். அடிமுனைக்கும் சுவருக்கும் இடைவெளி 5 × காஸ் 65° = 2.11 மீட்டர். விடையைச் சரிபார்க்க இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டுங்கள்: 20.52 + 4.45 = 24.97. இது 25ஐ ஒட்டி இருப்பதால் விடை சரி. இந்தச் சரிபார்ப்பை ஒரு பழக்கமாகவே ஆக்கிக்கொள்ளுங்கள்.

கோணம் தெரியாமல் பக்கங்கள் மட்டும் தெரிந்திருந்தால் எதிர்த்திசையில் செல்ல வேண்டும். 3, 4, 5 பக்கங்கள் கொண்ட முக்கோணத்தில் சிறிய கோணத்தின் சைன் 0.6, எந்தக் கோணத்துக்குச் சைன் 0.6 என்று கேட்கும் பொத்தான்தான் சைன்⁻¹. விடை 36.87°. மேலே உள்ள −1 வகுத்தலைக் குறிப்பதில்லை. சைன்⁻¹ 0.5 என்பது 30°. 1 வகுத்தல் சைன் 30° என்பது 2. இரண்டும் முற்றிலும் வேறு.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 150°யின் சைனும் 0.5தான். ஆரம் 1 கொண்ட வட்டம் வரைந்து, மையத்திலிருந்து வலப்பக்கம் தொடங்கி எதிர்க்கடிகாரத் திசையில் கோணத்தை அளந்தால், வட்டத்தின்மேல் நாம் நிற்கும் புள்ளியின் உயரம் சைன், கிடைத்தொலைவு காஸ். 30°யிலும் 150°யிலும் உயரம் ஒன்றே. கிடைத்தொலைவு மட்டும் 150°யில் −0.866 ஆகிவிடுகிறது. சைன்⁻¹ அழுத்தினால் கால்குலேட்டர் குறுங்கோணத்தையே காட்டும் என்பதால், விரிகோணம் உள்ள முக்கோணங்களில் மற்ற விடையையும் நீங்களே நினைத்துப் பார்க்க வேண்டும்.

9. வெளியே சென்று ஓர் உயரத்தை அளத்தல்

இந்தப் படியைத் தவிர்த்துவிட்டும் தேர்வெழுதலாம். ஆயினும் செய்யுங்கள் என்றே சொல்வேன். பாகைமானியின் மையத்தில் ஒரு நூலைக் கட்டி, நூலின் முனையில் சிறு எடை ஒன்றைத் தொங்கவிடுங்கள். பாகைமானியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் நேர்விளிம்பு வழியாக ஒரு மரத்தின் உச்சியைப் பாருங்கள். நூல் எந்த எண்ணில் நிற்கிறது என்பதை உடன் இருப்பவர் வாசிக்கட்டும். விளிம்பு கிடைமட்டமாக இருக்கும்போது நூல் 90இல் நிற்கும். எனவே 90க்கும் நூல் காட்டும் எண்ணுக்கும் உள்ள வேறுபாடே ஏற்றக்கோணம். சூரியன் இருக்கும் திசையில் மட்டும் ஒருபோதும் குறிபார்க்காதீர்கள்.

மரத்திலிருந்து 20 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள், நூல் 52ஐக் காட்டுகிறது என்றால் ஏற்றக்கோணம் 38°. 20 × டேன் 38° = 15.6 மீட்டர். இதோடு உங்கள் கண்ணின் உயரத்தைக் கூட்ட வேண்டும், கண் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் மரம் ஏறத்தாழ 17.1 மீட்டர். கண்ணின் உயரத்தைக் கூட்ட மறப்பதுதான் இங்கு அடிக்கடி நேரும் பிழை. தரை சரிவாக இருந்தாலோ, மரம் சாய்ந்திருந்தாலோ விடை மாறும். தொலைவை உச்சிக்கு நேர்கீழே உள்ள புள்ளிவரை அளக்க வேண்டும்.

எங்கே நின்று அளப்பது என்பதும் முக்கியம். கோணத்தில் 1° பிழை நேர்ந்தால், 45°யில் அளந்த உயரம் 3.5 விழுக்காடு மாறும், 70°யில் ஏறக்குறைய 5.7 விழுக்காடு, 10°யில் 10 விழுக்காட்டுக்கும் மேல். மிக அருகில் நிற்பதும் மிகத் தொலைவில் நிற்பதும் நல்லதல்ல. ஏற்றக்கோணம் 45°ஐ ஒட்டி வரும்வரை முன்னும் பின்னும் நகர்ந்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மரத்தின் அடிக்குச் செல்ல முடியாவிட்டாலும் வழி உண்டு. ஓரிடத்தில் கோணம் 30°, மரத்தை நோக்கி நேராக 10 மீட்டர் நடந்தபின் 45° என்றால், கண்மட்டத்துக்கு மேலுள்ள உயரம் 10 வகுத்தல் (√3 − 1), அதாவது 13.66 மீட்டர். இரண்டு முக்கோணங்களையும் வரைந்து, உயரம் இரண்டுக்கும் பொது என்று எழுதினால் இந்த விடையை நீங்களே பெறலாம்.

10. ரேடியன்

பாகையில் கை நன்கு பழகும்வரை ரேடியனைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும்.

கவராயத்தால் ஒரு பெரிய வட்டம் வரையுங்கள். அதன் ஆரத்தின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி, வட்டத்தின் விளிம்பின்மேல் வளைத்து ஒட்டவையுங்கள். நூலின் இரு முனைகளையும் மையத்தோடு இணைத்தால் உண்டாகும் கோணமே ஒரு ரேடியன். பாகைமானியால் அளந்தால் 57°க்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டும். நுட்பமான மதிப்பு 57.296°. அதே நூலை விளிம்பைச் சுற்றி அடுத்தடுத்து வைத்துக்கொண்டே போனால் ஆறு முறை வைத்த பிறகும் சிறிது இடம் மிஞ்சும். முழுச் சுற்று 2பை ரேடியன், அதாவது 6.283 என்பதற்கு அந்த மிச்ச இடமே சான்று.

மாற்றும் கணக்குக்கு 180° = பை ரேடியன் என்ற ஒன்றே போதும். பாகையை ரேடியனாக்கப் பை/180ஆல் பெருக்க வேண்டும். ரேடியனைப் பாகையாக்க 180/பையால் பெருக்க வேண்டும். எதை எதனால் பெருக்குவது என்று ஐயம் வந்தால், ரேடியனில் எழுதும் எண் எப்போதும் சிறியது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த அலகு ஏன் வேண்டும் என்பது வில்லின் நீளத்தைக் காணும்போது தெரியும். கோணம் ரேடியனில் இருந்தால் வில்லின் நீளம் ஆரம் பெருக்கல் கோணம், அவ்வளவுதான். ஆரம் 6 செ.மீ., கோணம் 60° என்றால் 6 × பை/3 = 6.28 செ.மீ. இங்கே 60ஐ அப்படியே பெருக்கினால் 360 செ.மீ. என்று வரும், வட்டத்தின் முழுச் சுற்றளவே 37.7 செ.மீ.தான் என்பதால் பிழை உடனே தெரிந்துவிடும். சிறு கோணங்களில் ரேடியனும் சைனும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுவது மற்றொரு வசதி: 1° என்பது 0.017453 ரேடியன், சைன் 1° என்பது 0.017452.

பாகைக் குறி இல்லாமல் சைன் 2 என்று மட்டும் எழுதியிருந்தால் அது 2 ரேடியன் என்றே பொருள், விடை 0.909. அதை 2° என்று எடுத்துக்கொண்டால் 0.035 என்று வரும். விரிதாள் மென்பொருள்களும் பெரும்பாலான நிரல்மொழிகளும் ரேடியனையே எதிர்பார்க்கின்றன. அவற்றில் சைன் 30°யைப் பெற, 30ஐப் பை/180ஆல் பெருக்கி உள்ளே கொடுக்க வேண்டும். ரேடியன் கணக்குகளை முடித்ததும் கால்குலேட்டரைப் பாகை முறைக்கு மாற்றி, சைன் 30 அழுத்தி 0.5 வருகிறதா என்று பார்த்துவிட்டு மூடிவையுங்கள்.